மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால்

ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் மாதங்களில் ராத்திரி தோட்டத்துக்குப் போய் மோட்டார் போடுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்குகின்றன. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று யானைக்குத் தெரியாது. ராகிக் கொல்லை எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். மும்முனை மின்சாரமோ விவசாயியின் தூக்கத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கரண்ட் வந்த நேரத்தில் மோட்டார் ஓடினால்தான் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர். இந்தச் சிக்கலுக்கு நடுவில்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வந்து சேர்ந்தது. கட்டிலில் படுத்தபடி ஒரு நம்பரை அழுத்தினால் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கிணற்று மேட்டில் மோட்டார் ஓடத் தொடங்கும். கைப்பேசியை எல்லாவற்றுக்கும் ரிமோட்டாக்குவது என்றதும் நகரத்து ஹாலில் டிவி சேனல் மாற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த யோசனையின் முழு மதிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிணற்று மேடுதான் சரியான இடம்.

மொபைல் ஸ்டார்ட்டருக்குள் பெரிய மாயம் எதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி. அதில் ஒரு சிம் கார்டு, விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, மூன்று முனையிலும் கரண்ட் இருக்கிறதா என்று காட்ட மூன்று விளக்குகள். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் உள்ளே ரிலே தட்டும், காண்டாக்டர் 'டக்' என்று ஒட்டும், மோட்டார் ஓடும். சில பெட்டிகள் அழைப்பை எடுத்து, போடுவதற்கு ஒரு எண்ணையும் நிறுத்துவதற்கு இன்னொரு எண்ணையும் அழுத்தச் சொல்லும். சிலவற்றுக்கு மிஸ்டு கால் போதும். ஒரு முனை போய்விட்டாலோ, போர்வெல்லில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினாலோ தானே நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பும். ஆயிரம் அடிக்கும் கீழே மோட்டாரை இறக்கிவைத்திருப்பவருக்கு இந்த ஒரு வசதியே பெட்டியின் விலையைத் திருப்பித் தந்துவிடும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' இந்த வகையில் முன்னோடி; 2009இல் நோக்கியா நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறையே இந்தக் கருவிக்கு மானியம் தருகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்குப் பாதி விலை அல்லது 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 விழுக்காடு அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் இன்னொரு நன்மையும் உண்டு. மிஸ்டு காலுக்கு மொழி கிடையாது.

இதே மாவட்டத்தில் வேறு சிலவும் தயாராகின்றன. ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐஃபோனுக்கான பாகங்கள். ஓசூரிலேயே டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் மின்ஸ்கூட்டர்கள். போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை. ரிமோட்டாகப் போகும் கைப்பேசிக்கும், அந்த ரிமோட்டுக்குக் கட்டுப்படப் போகும் வண்டிக்கும் ஒரே மாவட்டம் தாய்வீடு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு லாரிக்கும் மொபெட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் பெயர் வாங்கிய ஓசூர், இன்று கட்டளை கொடுக்கும் பொருளையும் கட்டளை கேட்கும் பொருளையும் சேர்த்தே செய்கிறது. அதனால் இங்கிருந்து ஒரு கேள்வியைக் கேட்பது பொருத்தம். கைப்பேசியில் பொத்தானை அழுத்துகிறோம், பொருள் இயங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? என் வாதம் இதுதான்: நடுவில் இருப்பவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராகவும் நாம் மாற்றிக்கொள்ளக் கூடியவராகவும் இருக்க வேண்டும், முடிந்த இடத்தில் நடுவில் யாருமே இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் அந்தக் கைப்பேசி ரிமோட் அல்ல, அனுமதிச் சீட்டு.

பழைய டிவி ரிமோட்டில் நடுவில் யாரும் இல்லை. 1956இல் அமெரிக்காவின் ஸெனித் நிறுவனத்துக்காக ராபர்ட் அட்லர் உருவாக்கிய ரிமோட்டில் பேட்டரிகூடக் கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே அலுமினியக் கம்பியை ஒரு சுத்தி தட்டும், காதுக்குக் கேட்காத அந்த ஒலிக்கு டிவி பணியும். பிறகு வந்த அகச்சிவப்பு ரிமோட்டுகளும் அதே நேர்வழிதான். நுனியில் இருக்கும் சின்ன எல்இடி, நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் ஒளியை விட்டுவிட்டு அனுப்புகிறது; விடும் இடைவெளியின் நீளம்தான் எழுத்து. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் 32 பிட், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் பார்க்க வேண்டுமானால் ரிமோட்டின் நுனியைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான ஃபோன்களில் திரையில் ஊதா நிறத்தில் மினுக்கும். மினுக்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். எல்லா ரிமோட்டையும் ஒன்றாக்க வேண்டும் என்ற ஆசையும் புதிதல்ல. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், அந்த நிறுவனத்தின் அன்றாட வேலையிலிருந்து விலகிய பின் 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு யுனிவர்சல் ரிமோட்டைத்தான்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதன் தேவை வேறு வழியில் வந்தது. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒரு கோடிக்கும் மேல். 2017இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் வந்தது. டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு ரிமோட். ஒன்று தொலைந்தால் இன்னொன்றுக்கு வேலையில்லை. 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4, எச்டிசி ஒன் போன்றவை தலையில் அகச்சிவப்பு எல்இடியுடன் வந்தபோது இந்தத் தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். மூன்றே ஆண்டில், எஸ்7 மாடலில், சாம்சங் அதை எடுத்துவிட்டது. ஷாவ்மி போன்றவர்கள் மலிவு விலை ஃபோனிலும் இன்றுவரை வைத்திருக்கிறார்கள். ஆக, அது விலை உயர்ந்த சரக்கல்ல. ஐஃபோனின் கதை இன்னும் வேடிக்கை. 2017இல் வந்த ஐஃபோன் எக்ஸ் முதல், முகத்தை அடையாளம் காண அது ஆயிரக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளை நம் முகத்தில் அடிக்கிறது. எதிரே இருக்கும் டிவிக்கு மட்டும் ஒரு புள்ளியும் கிடையாது. வேண்டுமானால் வைஃபை வழியாகப் பேசு, எங்கள் பெட்டியை வாங்கு என்கிறார்கள். வைஃபையே இல்லாமல் கைப்பேசி டேட்டாவில் காலம் தள்ளும் வீட்டில், சின்ன எல்இடி செய்திருக்க வேண்டிய வேலைக்கு ஒரு ரவுட்டர் தேவைப்படுகிறது.

வண்டிக்கு வருவோம். ஓலா எஸ்1 ஸ்கூட்டர் வந்தபோது அதில் சாவித்துவாரமே இல்லை. திரையில் ரகசிய எண், அல்லது கைப்பேசி என்றார்கள். 2021 டிசம்பரில் வண்டியை எடுத்தவர்களுக்கு, வழிகாட்டி, குரூஸ் கன்ட்ரோல், துணைச் செயலி எல்லாம் 2022இல் வந்த மூவ்ஓஎஸ் 2 மென்பொருளில்தான் கிடைத்தன. இரும்பும் பேட்டரியும் வாங்கியவருக்குச் சொந்தம். அது என்ன செய்யும், எப்போது செய்யும் என்பது நிறுவனத்தின் கணினிக்குச் சொந்தம் என்ற புது உறவு இது. இந்த உறவு எங்கே முறியும் என்பதற்கு வெளியில் சான்று நிறைய. 2021 நவம்பரில் டெஸ்லாவின் சர்வர் படுத்தபோது, பல நாடுகளில் உரிமையாளர்கள் செயலியை வைத்துக்கொண்டு தங்கள் காருக்கு வெளியே நின்றார்கள்; ஈலான் மஸ்க் மன்னிப்புக் கேட்டார். ரிவால்வ் என்ற நிறுவனத்தை வாங்கிய கூகுளின் நெஸ்ட், 2016 மே மாதம் அதன் சர்வரை மூடியது. 300 டாலர் கொடுத்து வாங்கிய வீட்டு ரிமோட் பெட்டிகள் அன்றோடு செங்கல் ஆயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. பலர் வீட்டு விளக்குகள் செயலிக்குப் பணிய மறுத்தன. பல்பு கெடவில்லை, ஒயர் அறுபடவில்லை, கரண்ட் போகவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பூசாரி கோயிலைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். மொபைல் ஸ்டார்ட்டரும் நேர்வழியில் போகவில்லையே, நடுவில் டெலிபோன் கம்பெனி இருக்கிறதே என்பார். உண்மை. ஆனால் பூசாரிகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டெலிபோன் கம்பெனி அரசிடம் உரிமம் வாங்கி நடக்கிறது. அதன் மேல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம். 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இந்த வசதி உண்டு. போட்டியும் டிராயும் இருப்பதன் அருமை ஓசூர் எல்லைக்குத் தெரியும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு தொலைத்தொடர்பு வட்டம். எல்லைக் கிராமங்களில் கைப்பேசி கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்வதும் ரோமிங் காசு போவதும் அன்றாடத் தொல்லையாக இருந்தது. போட்டியாலும் டிராயின் நெருக்குதலாலும் 2017 வாக்கில் அந்தக் கட்டணம் ஒழிந்தது. இன்னொன்றும் பாருங்கள்: ஸ்டார்ட்டருக்குள் கிடக்கும் சிம்முக்கு டேட்டா எதற்கு? அது யூடியூப் பார்ப்பதில்லை. ஆனாலும் மாதாமாதம் டேட்டாவும் சேர்த்து ரீசார்ஜ் போட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள தனித் திட்டம் தர வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றது. கம்பெனிகள் நிர்ணயித்த விலை தாராளமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முறையிட ஒரு வாசல் இருந்தது, வாசலுக்குள் ஆள் இருந்தார்கள். ஸ்கூட்டர் செயலியின் சர்வருக்கும் ஏசி செயலியின் சர்வருக்கும் அப்படி ஒரு வாசல் கிடையாது. நமக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு சர்வருக்குப் போகவும் முடியாது. வண்டியைத்தான் விற்க வேண்டும்.

தயாரிப்பாளர்கள் தரப்பில் வலுவான பதில் பாதுகாப்பு. அகச்சிவப்பு ரிமோட்டுக்குப் பூட்டே கிடையாது, யாரும் யார் டிவியையும் அணைக்கலாம். மிஸ்டு காலில் வரும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வண்டியைத் திறக்கும் விஷயத்தில் இப்படி விட முடியுமா, எல்லாம் எங்கள் சர்வர் வழியாக வந்தால்தான் திருட்டைத் தடுக்க முடியும் என்கிறார்கள். முதல் பாதி சரி. டிவிக்குப் பூட்டு வேண்டாம், வண்டிக்கு வேண்டும். ஆனால் பூட்டு வேண்டும் என்பதிலிருந்து பூட்டு பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க வேண்டும் என்பது எப்படி வந்தது? கைப்பேசியும் வண்டியும் புளூடூத் வழியாக நேருக்கு நேர், ரகசியக் குறியீட்டோடு பேசிக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடையே இணையம் தேவையில்லை. இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆப்பிள், கூகுள், அமேசான் உட்படப் போட்டியாளர்கள் எல்லாரும் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட 'மேட்டர்' என்ற பொதுத்தரம், வீட்டுக் கருவிகள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பதை அடிப்படையாகவே வைத்திருக்கிறது. திருட்டுப்போன வண்டி எங்கே நிற்கிறது என்று காட்ட சர்வர் தேவை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வண்டியைத் திறக்கவும் அதே சர்வரிடம் கை ஏந்த வேண்டியதில்லை. தொலைவில் இருந்து பார்ப்பது வேறு, பக்கத்தில் நின்று திறப்பது வேறு.

மோட்டார் விஷயத்தில் எனக்கே சற்றுச் சங்கடமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு 1990 முதல் எல்லாருக்கும் இலவச மின்சாரம். கரண்டுக்குக் காசில்லை, நடக்கவும் வேண்டாம் என்றால் தேவைக்கு மேல் தண்ணீர் இறைப்பார்கள், ஏற்கெனவே பாதாளத்துக்குப் போன நிலத்தடி நீர் இன்னும் கீழே போகும் என்ற கவலை பொய்யல்ல. ஆனால் மொபைல் ஸ்டார்ட்டருக்கு முன்னால் இங்கே இருந்தது என்ன? ஆட்டோ ஸ்விட்ச். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், போகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். விவசாயி விடிந்து வந்து பார்க்கும்போது வரப்பு மேல் தண்ணீர் நிற்கும். மோட்டாரைப் போடும் வசதியைவிட நிறுத்தும் வசதிதான் மொபைல் ஸ்டார்ட்டரின் உண்மையான வரவு. ராத்திரி இரண்டு மணிக்கு, யானை பயமில்லாமல், எழுந்திருக்காமலே நிறுத்தலாம். நேரம் குறித்து ஓடவைக்கும் பெட்டிகளும் இருக்கின்றன. அதற்கு மேலும் வீணடிப்பவர்கள் இருப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீர்க் கொள்கை, ரிமோட் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் சிறியதாகத் தெரியும், வீட்டுக்குள் பெரியது. ரிமோட் என்பது வீட்டின் பொருள். கைப்பேசி ஒரு ஆளின் பொருள். ரிமோட் மேசையில் கிடக்கும், பாட்டியும் எடுப்பார், பேரனும் எடுப்பான், சண்டையும் நடக்கும். எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டால், ஷிஃப்டுக்கு சிப்காட் பஸ் ஏறியவரோடு டிவியும் ஏசியும் மோட்டாரும் சேர்ந்து பஸ் ஏறிவிடும். பெரும்பாலும் செயலியில் பதிவாவது வீட்டு ஆணின் எண். தோட்டத்தில் நின்று பாத்தி கட்டுவது பெண்ணாக இருப்பார். மோட்டாரைப் போட அவர் கணவருக்கு ஃபோன் செய்ய வேண்டியிருக்கும். கட்டுப்பாட்டை எளிதாக்க வந்த கருவி கட்டுப்பாட்டை ஒரே சட்டைப் பையில் குவித்துவிடக் கூடாது. அதனால்தான் கைப்பேசி ரிமோட்டுக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனையே கைப்பேசி இல்லாமலும் பொருள் இயங்க வேண்டும் என்பது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருக்க வேண்டும், ஏசியில் கையால் போடும் பொத்தான் இருக்க வேண்டும், வண்டியில் சாவியோ எண்பலகையோ இருக்க வேண்டும். யுனிவர்சல் ரிமோட் என்பது பழைய ரிமோட்டுகளோடு கூடுதலாக வருவது. அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வருவது அல்ல.

அரசு என்ன செய்யலாம் என்று கேட்டால், இங்கே அதன் கையில் இரண்டு கயிறு இருக்கிறது. ஒன்று மானியம். பொதுப்பணத்தில் பாதி விலை கொடுக்கும் ஸ்டார்ட்டர்களுக்கு அரசு நிபந்தனை வைக்கலாம்: நிறுவனத்தின் செயலி இல்லாமலும் சாதாரண அழைப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் இயங்க வேண்டும், கட்டளைகளைப் பெட்டியின் உள்மூடியில் தமிழில் அச்சிட்டு ஒட்ட வேண்டும், எந்தக் கம்பெனி சிம்மும் ஏற்க வேண்டும். கடைசி நிபந்தனை பேச்சுக்குச் சொன்னதல்ல. 2ஜி மட்டும் பிடிக்கும் பெட்டியில், 2ஜி சேவையே இல்லாத ஜியோவின் சிம் செத்த சிம்தான். நாளை மற்ற கம்பெனிகளும் 2ஜியை மூடினால் மானியத்தில் வாங்கிய பெட்டிகள் ஒரே நாளில் காயலான் கடைக்குப் போகும். 4ஜியும் பிடிக்கும் பெட்டிக்கு மட்டுமே இனி மானியம் என்று இன்றே சொல்லிவிடலாம். இன்னொரு கயிறு, நிலமும் சலுகையும் கொடுத்து இங்கே ஆலைகளை வரவேற்கும் அரசு அவர்களிடம் கேட்கும் உரிமை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் ஆலைகளை விரட்டும் கோரிக்கை அல்ல இது. நிறுவனம் மூடினாலும் சர்வர் நின்றாலும் வண்டி திறக்கும், ஓடும் என்று எழுத்தில் உறுதி கேட்பது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வாகனங்கள் மூன்றும் இருந்தன. உதிரிபாகம் கிடைக்குமா என்று அங்கே கேட்கிறார்கள். சர்வர் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.

அதுவரை வாங்குபவர் கையில் ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை, கடையிலேயே செய்யலாம். செயலியோடு வரும் ஸ்கூட்டர் வாங்கப் போனால், விற்பனையாளர் காட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யச் சொல்லுங்கள். பிறகு வண்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் விலை பேசுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் வாங்குகிறவர், பட்டன் ஃபோன் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி, அதிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். 'டக்' சத்தம் கேட்ட பிறகு பணத்தை எண்ணுங்கள்.